மறதி நோயாளிக்குத் தேங்காய் எண்ணெயா, எம்சிடி எண்ணெயா? எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

'தினமும் ரெண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் கொடுங்க, மறதி நோய் ஓடிப் போயிடும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சம் எது என்று தெரியாமல் பாட்டியின் வாயில் எண்ணெயை ஊற்றுவதால்தான் வயிற்றுப்போக்கும் நெஞ்சுச் சளியும் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கிறது. எந்தக் கொழுப்பு மூளைக்கு எரிபொருளாகும், அதை எப்படி அளப்பது, எதில் கலப்பது, யாருக்குக் கூடவே கூடாது என்பதை இங்கே ஒழுங்காகப் பார்த்துவிடலாம்.

மூளையின் எடை உடம்பில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. அதற்கு வழக்கமான எரிபொருள் குளுக்கோஸ். மறதி நோயில் முக்கிய வகையான அல்சைமர் நோயில் நினைவோடு தொடர்புள்ள பகுதிகளால் குளுக்கோஸைச் சரியாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மூளை எந்த இடத்தில் எவ்வளவு எரிபொருள் எடுக்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் படத்தில் அந்த இடங்கள் மங்கித் தெரியும். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் கனேன் குழுவினர் இதே நோயாளிகளுக்கு இன்னொரு வகை ஸ்கேன் எடுத்து, கீட்டோன் என்ற மாற்று எரிபொருள் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்த்தார்கள். அது ஏறக்குறைய ஆரோக்கியமான முதியவர்களுக்குப் போகும் அளவிலேயே போனது. முன்வாசல் அடைத்துக்கொண்டாலும் கொல்லைப்புற வாசல் திறந்துதான் இருக்கிறது.

கீட்டோன் என்பது கொழுப்பைக் கல்லீரல் உடைத்துச் செய்யும் சிறு மூலக்கூறு. பட்டினி கிடந்தாலோ, அரிசி, கோதுமை, சர்க்கரையை வெகுவாகக் குறைத்தாலோ கல்லீரல் இதைத் தானாகவே தயாரிக்கும். நாம் சமையலில் ஊற்றும் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் கொழுப்பெல்லாம் நீளச் சங்கிலி வகை. குடலிலிருந்து நிணநீர் வழியாகச் சுற்றிப் போய்ச் சேரும். வயிறு நிறையச் சோறும் சாப்பிட்டிருந்தால் அதிலிருந்து கீட்டோன் கிட்டத்தட்ட வராது. 8 கார்பன், 10 கார்பன் உள்ள நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு மட்டும் வேறு ரகம். குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், ஓரிரு மணி நேரத்தில் கீட்டோனாகிவிடும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இந்தக் கொழுப்பைத் தனியாகப் பிரித்து விற்பதுதான் எம்சிடி எண்ணெய்.

எதிர்பார்ப்பை முதலிலேயே சரியாக வைத்துக்கொள்வோம். கனேன் குழுவின் பெனிஃபிக் ஆய்வில் லேசான நினைவுக் குறைபாடு உள்ள 83 பேரில் ஒரு பாதியினர் தினமும் 30 கிராம் எம்சிடி கலந்த பாலையும், மறு பாதியினர் வேறு எண்ணெய் கலந்த பாலையும் 6 மாதம் குடித்தார்கள். எம்சிடி குடித்தவர்களின் மூளைக்குள் போன கீட்டோன் இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. நினைவு, சொல் எடுத்துப் பேசுதல், திட்டமிடல் ஆகிய சோதனைகள் சிலவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 8 கார்பன் கொழுப்பை மருந்தாகக் கொண்டுவர அக்செரா என்ற நிறுவனம் 400-க்கும் மேற்பட்ட அல்சைமர் நோயாளிகளிடம் நடத்திய பெரிய சோதனை 2017-இல் தோற்றது. தயாரிப்பு முறையை மாற்றியதால் ரத்தத்தில் கீட்டோன் போதுமான அளவு ஏறவில்லை என்று பிறகு காரணம் சொன்னார்கள். ஆக, இது நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயின் ஆரம்பக் கட்டத்தில் இருப்பவருக்குப் பேச்சில், கவனத்தில், அன்றாட வேலையில் கொஞ்சம் தெளிவு கிடைக்க வாய்ப்பு உண்டு, கிடைக்காமலும் போகலாம். படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு இதைத் தொடங்குவதில் பலனைவிடத் தொல்லை அதிகம் என்பதே எங்கள் கருத்து.

தேங்காய் எண்ணெய்க் கணக்கு

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பச்சிளம் குழந்தை மருத்துவரான மேரி நியூபோர்ட் 2008-இல் தன் கணவருக்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்துப் பார்த்த செய்தி உலகம் சுற்றியபோதுதான் இந்தப் பேச்சு பெரிதானது. நம் ஊரில் அது ரொம்ப எளிதாக ஒட்டிக்கொண்டது. நம் எண்ணெய், நம் தென்னை. ஆனால் கணக்கு உதைக்கிறது.

தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது லாரிக் அமிலம், அதாவது 12 கார்பன். இதையும் 'நடுத்தரச் சங்கிலி' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஆனால் உடம்பில் இதில் பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நடந்துகொள்கிறது. கீட்டோனாக மாறுவது சொற்பம். உண்மையில் வேலை செய்யும் 8, 10 கார்பன் கொழுப்பு இரண்டும் சேர்ந்து சுமார் 14 சதவீதம்தான். ஆய்வில் கொடுத்த 30 கிராமைத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு 210 கிராம் எண்ணெய் குடிக்க வேண்டும். அது கிட்டத்தட்ட 1,900 கலோரி. ஒரு முதியவரின் முழு நாள் சாப்பாடே அவ்வளவுதான் இருக்கும். அதோடு தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. சாதாரணத் தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் கெட்ட கொழுப்பான எல்டிஎல் சராசரியாக 10 புள்ளி ஏறுகிறது என்று 2020-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது.

செக்கில் ஆட்டியது, வெர்ஜின், ரீஃபைண்ட் எதுவானாலும் இந்த விகிதம் மாறாது, வாசனைதான் மாறும். தேங்காய்ப்பால், தேங்காய்த் துருவலுக்கும் இதே கதைதான். நெய்யில் 8, 10 கார்பன் கொழுப்பு சுமார் 4 சதவீதம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தியில் சுத்தமாக இல்லை. அவியலுக்கும் பொரியலுக்கும் தேங்காய் எண்ணெய் ஊற்றும் வீட்டில் அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மருந்தாக எண்ணிக் கூடுதலாக ஊற்ற வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

மீன் எண்ணெயைப் பற்றியும் கேட்பார்கள். மத்தி, அயிலையில் உள்ள ஒமேகா 3 மூளைச் செல்களின் சுவரைக் கட்டும் சாமான், எரிபொருள் இல்லை. அல்சைமர் வந்த பிறகு 18 மாதம் தினமும் 2 கிராம் டிஎச்ஏ என்ற ஒமேகா 3 கொழுப்பைக் கொடுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்வில் நோய் மெதுவாகவில்லை. மீன் சாப்பிடுகிறவர் வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்துச் சாப்பிடட்டும். மாத்திரைக்காகச் செலவழிக்க வேண்டியதில்லை.

தொடங்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை

முதலில் சர்க்கரை நோய் மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என முடியும் பெயர் மருந்துச் சீட்டில் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். இந்த மாத்திரையே உடம்பில் கீட்டோனை ஏற்றும் குணமுள்ளது. அதோடு சோற்றையும் குறைத்து, எம்சிடியும் சேர்த்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், அசாத்தியச் சோர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். குளுக்கோமீட்டரில் 150 காட்டுகிறது என்று வீட்டில் நிம்மதியாக இருந்துவிடுவார்கள்; அதுதான் இதில் உள்ள பெரிய சிக்கல்.

இன்சுலின் அல்லது கிளிமெபிரைட் எடுப்பவருக்கு ஆபத்து வேறு திசையில் இருக்கிறது. எம்சிடி பசியை அடக்கும், சாப்பாடு குறையும், மருந்து அளவு அப்படியே இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். மறதி நோயாளிக்கு வியர்த்துக் குழப்பமாகப் பேசினால் 'நோய் முற்றிவிட்டது' என்று நினைத்து விட்டுவிடுவார்கள். முதல் மாதத்தில் அப்படிக் குழம்பினால் முதல் வேலை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதுதான்.

டைப் 1 சர்க்கரை நோய், ஈரல் சுருக்கம், முன்பு கணையம் வீங்கிய வரலாறு, ரத்தத்தில் மிக அதிக டிரைகிளிசரைடு கொழுப்பு, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பை உடைக்க முடியாத பிறவிக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. டோனபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மறதி நோய் மாத்திரைகளே குமட்டலும் பேதியும் உண்டாக்கும். மெட்ஃபார்மினும் அப்படித்தான். இந்த மாத்திரை புதிதாகத் தொடங்கிய அல்லது அளவு கூட்டிய மாதத்தில் எம்சிடியையும் தொடங்கினால், பேதி எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை உடம்புக்குப் பழகி நான்கு வாரம் ஆகட்டும்.

வாங்கும்போது

பாட்டிலின் முன்பக்கம் 'எம்சிடி' என்று பெரிதாகப் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்; திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சி8, சி10, அதாவது 8 கார்பன், 10 கார்பன் கொழுப்பு எவ்வளவு என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். சி12 அல்லது லாரிக் அமிலம் கணிசமாக இருந்தால் அது தேங்காய் எண்ணெயிலிருந்து பாதித் தூரம்தான் தாண்டியிருக்கிறது. சி8 60, சி10 40 என்ற கலவை தொடங்குவதற்கு நல்லது. கனடா ஆய்வில் கொடுத்ததும் அதுதான். சி8 மட்டும் உள்ளது கீட்டோனை அதிகம் ஏற்றும், விலையும் அதிகம், வயிற்றையும் அதிகம் கலக்கும்.

சருமத்துக்கு, மசாஜுக்கு என்று 'ஃப்ராக்‌ஷனேட்டட்' தேங்காய் எண்ணெய் விற்கிறது. வேதிப்படி உறவுதான். ஆனால் சாப்பிடும் தரத்தில் அடைத்ததாக இருக்காது. எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். பவுடராக வருவதில் பாதி முதல் முக்கால் பங்குதான் எண்ணெய் இருக்கும். மிச்சம் மாவுச்சத்தோ கோந்தோ. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது சர்க்கரைக்கு அண்ணன், வேண்டாம்.

சரியான எம்சிடி எண்ணெய் நிறமும் வாசனையும் இல்லாமல் தண்ணீர் போல இருக்கும், மார்கழிக் குளிரிலும் உறையாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள்: வெள்ளையாகக் கட்டியானால் ஏமாந்தீர்கள்.

எவர்சில்வர் டம்ளர், கண்ணாடி, பீங்கான் இவற்றில்தான் ஊற்ற வேண்டும். தெர்மாக்கோல் கப், மெல்லிய யூஸ் அண்ட் த்ரோ கப், பிளாஸ்டிக் ஸ்ட்ரா ஆகியவற்றை இந்த எண்ணெய் இளக்கிவிடும்.

அளவும் படிப்படியான ஏற்றமும்

வீட்டு ஸ்பூனை நம்பக் கூடாது. ஒரு வீட்டு டீஸ்பூன் 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 மில்லி பிடிக்கும். இருமல் சிரப்போடு வரும் கோடு போட்ட சிறு மூடியைக் கழுவிக் காயவைத்து இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். 5 மில்லி என்பது சுமார் 4.7 கிராம், 15 மில்லி 14 கிராம். 15 மில்லியில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

முதல் மூன்று நாள் காலைச் சாப்பாட்டோடு 2.5 மில்லி மட்டும். பிறகு அந்த வாரம் முடியும்வரை 5 மில்லி. இரண்டாம் வாரம் காலை 5, மதியம் 5. மூன்றாம் வாரம் காலை 10, மதியம் 5. நான்காம் வாரம் இரண்டு வேளையும் 10. அதற்குமேல் வயிறு தாங்கினால் ஐந்தாம், ஆறாம் வாரத்தில் வேளைக்கு 15 மில்லிவரை போகலாம். இரண்டு வேளையும் சேர்த்து அது கிட்டத்தட்ட ஆய்வில் கொடுத்த அளவு. ஒரே வேளையில் 15-ஐத் தாண்ட வேண்டாம். எந்தப் படியிலாவது வயிறு கலங்கினால் முந்தைய படிக்கு இறங்கி ஒரு வாரம் நில்லுங்கள். சிலருக்கு 10, 10-உடன் நின்றுவிடும். அதுவும் சரிதான், அவசரப்பட்டு 15-க்குத் தள்ளுவதில்தான் பெரும்பாலான வீடுகளில் இந்த முயற்சி முதல் மாதமே நின்றுபோகிறது.

காலை வேளையே முக்கியம். இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த உடம்பு அப்போது கீட்டோன் செய்யத் தயாராக இருக்கும். ஏறிய கீட்டோன் நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடுவதால்தான் இரண்டாவது வேளை. ராத்திரி கொடுக்காதீர்கள். வயிற்றைக் கலக்கி இருட்டில் பாத்ரூமுக்கு ஓடி வழுக்கி விழுந்தால், இடுப்பு எலும்போடு எல்லாம் போய்விடும்.

வெறும் வயிற்றில் எண்ணெயை மட்டும் குடிக்கக் கொடுப்பது பேதிக்கு நேர் வழி. அதேபோல் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளும் வீட்டில், காலையில் மகன் ஒரு முறை, மருமகள் ஒரு முறை என இரட்டை அளவு போய்விடும். காலண்டரில் கொடுத்தவுடன் டிக் போடுவது ஒன்றே வழி. பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைக்க வேண்டாம். தண்ணீர் என்று நினைத்து அவர்களே எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

எதில் கலப்பது

எண்ணெய் மிதக்கக் கூடாது, உணவோடு கலந்து நுண்துளிகளாக வேண்டும். அப்படிக் கலந்தால் கீட்டோனும் அதிகம் ஏறும், வயிற்றுத் தொல்லையும் குறையும் என்பது கனேன் குழுவே சோதித்துப் பார்த்த விஷயம். ஆய்வில் கொடுத்த பானம் கொழுப்பு நீக்கிய, லாக்டோஸ் இல்லாத பாலில் 12 சதவீதம் எம்சிடி அடித்துக் கலந்தது. வேளைக்கு 125 மில்லி.

வீட்டில் செய்ய: 125 மில்லி பாலை வெதுவெதுப்பாக்கிச் சின்ன மிக்ஸி ஜாரில் ஊற்றுங்கள். அன்றைய அளவு எண்ணெயைச் சேர்த்து 30 முதல் 40 விநாடி ஓட்டுங்கள். கொதிக்கிற பாலை ஊற்றினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பவும் கூடாது. வெளுத்து, நுரைத்து, கொஞ்சம் கெட்டியாகத் தெரிந்தால் சரி. டம்ளரில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். மேலே கண்ணாடி போல் வட்டம் வட்டமாகப் பளபளத்தால் பிரிந்துவிட்டது, திரும்ப ஓட்ட வேண்டும். செய்த பத்து நிமிடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இதில் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் சேர்க்கலாம். காஃபின் கீட்டோனைக் கொஞ்சம் தூக்குகிறது என்று சிறு ஆய்வில் தெரிந்திருக்கிறது. சர்க்கரை போட்டால் அந்த லாபம் போய்விடும். 'இனிப்பே இல்லை' என்று டம்ளரைத் தள்ளிவிடுகிறவருக்கு ஒரு வாரத்தில் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவருக்குக் கெட்டித் தயிர்தான் கைகொடுக்கும். நான்கு மேசைக்கரண்டி தயிரைக் கிண்ணத்தில் போட்டு முதலில் கட்டியில்லாமல் அடித்துக்கொண்டு, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டபடி கரண்டியால் ஒரே பக்கமாகச் சுற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் சேராது. தண்ணீர் மோரில் சேரவே சேராது.

இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊற்றும் இடத்தில் 5 மில்லி எம்சிடி ஊற்றினால் வித்தியாசமே தெரியாது. பொடி எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். பருப்புக் கடைசல், கீரை மசியல், சட்னி, மசித்த முட்டை எல்லாவற்றிலும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு கலக்கலாம். தாளிக்கவோ தோசைக்கல்லில் ஊற்றவோ கூடாது. 160 டிகிரியைச் சுற்றியே புகைய ஆரம்பித்துவிடும்.

விழுங்கும் திறனைப் பார்க்காமல் கொடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். மறதி நோய் முற்றும்போது விழுங்குவதும் தடுமாறும். தண்ணீர் தவறிப் புரையேறினால் இருமல் வந்து வெளியே தள்ளும். எண்ணெய் வழவழப்பாக இருப்பதால் இருமலே வராமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். இதை லிப்பாய்டு நிமோனியா என்பார்கள். சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அது அசையாது. தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரப்பது, கன்னத்துக்குள் சோறு அப்படியே தங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் விழுங்கும் திறனைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அதுவரை எண்ணெய் வேண்டாம்.

மற்றவர்களுக்கும் ஸ்பூனில் தனி எண்ணெயாக வாயில் ஊற்றக் கூடாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வைத்து, தயிர், பருப்பு போன்ற கெட்டி உணவில் கலந்து கொடுத்து, அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். இதே காரணத்துக்காக இவர்களுக்கு எண்ணெய் கொப்பளிப்பதும் மூக்கில் எண்ணெய் விடுவதும் கூடாது. கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பதை நடுவிலேயே மறந்துவிடுவார்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவருக்கு டயட்டீஷியன் சொல்லாமல் எண்ணெயைக் குழாயில் விடாதீர்கள்.

என்ன தவறும்

அடிக்கடி வருவது பேதியும் வயிற்றுப் பிடிப்பும். கனடா ஆய்விலும் வயிற்றுத் தொல்லையால் விலகியவர்கள் உண்டு. மறதி நோயாளி 'வயிறு வலிக்கிறது' என்று சொல்ல மாட்டார். நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து உட்காருவது, தட்டைத் தள்ளுவது, கை அடிக்கடி வயிற்றுக்குப் போவது, காரணமில்லாத கோபம் என்று அது வெளிப்படும். இரண்டு முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் அன்றே நிறுத்தி ஓஆர்எஸ் கொடுங்கள். நீர் வற்றினால் ஒரே நாளில் குழப்பம் பல மடங்காகும். காய்ச்சல், வாந்தி, சாப்பிடாத நாள், ஆபரேஷனுக்கு முந்தைய நாள்களில் எம்சிடி வேண்டாம்.

அடுத்தது எடை. இந்த நோயில் எடை தானாகவே குறையும். எம்சிடி பசியையும் மட்டுப்படுத்தினால் இன்னும் இறங்கும். வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலை பாத்ரூம் போன பிறகு எடை பாருங்கள். ஒரு மாதத்தில் 2 கிலோ இறங்கினால் எண்ணெயை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாறாக எடை ஏறினால் எம்சிடியால் கூடும் 200 சொச்சம் கலோரியைப் பொரியல், வடை எண்ணெயில் குறைக்க வேண்டும்.

சோறு, இட்லியை முழுக்க நிறுத்திக் கீட்டோ உணவுக்குப் போகலாமா என்று கேட்பார்கள். நியூசிலாந்தில் 26 அல்சைமர் நோயாளிகளிடம் 12 வாரம் அப்படிச் செய்து பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். அன்றாடச் செயல்பாடும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. நினைவுச் சோதனை மதிப்பெண் குறிப்பிடும்படி ஏறவில்லை. அதற்கு ஒரு நாள் மாவுச்சத்து 50 கிராமுக்குள் அடங்க வேண்டும். 100 கிராம் சோற்றிலேயே 28 கிராம் போய்விடுகிறது. எழுபது வருடம் சோறு சாப்பிட்டவரிடம், ஏன் இல்லை என்ற விளக்கத்தைப் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறவரிடம், இதைத் தினமும் மூன்று வேளை சண்டை போட்டு நடத்துவது வீட்டையே நோயாளியாக்கும். பாதி வழி போதும்: காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லி, கூட ஒரு முட்டை அல்லது கெட்டிச் சாம்பார், மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்துக் காயையும் பருப்பையும் கூட்டுவது, சாயங்கால பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல் அல்லது வறுகடலை, கடிக்க முடியாதவருக்கு மசித்து.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டுப் போடுங்கள். 'கொஞ்சம் தேவலாம்' என்று எழுதுவதில் பயனில்லை, எண்ணக்கூடியதை எழுதுங்கள். சட்டைப் பொத்தானைத் தானே போட்டாரா? ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கேட்டார்? பேரன் பெயர் வந்ததா? டிவி ரிமோட்டைப் பயன்படுத்த முடிந்ததா? இந்த மாதிரி நான்கு விஷயம் போதும். வாரம் ஒருமுறை வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். வட்டம் மூடியதா, 12 எண்ணும் இருக்கிறதா, முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் தேதியிட்டு வையுங்கள். திருத்தவோ கேலி செய்யவோ கூடாது. நல்ல நாளும் கெட்ட நாளும் இந்த நோயில் இயல்பு என்பதால் ஒரு நாள் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்கு வாரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பரப்பிப் பாருங்கள்.

விரலில் குத்திக் கீட்டோன் பார்க்கும் மீட்டர் இருக்கிறது. ஸ்ட்ரிப் விலைதான் கசக்கும். தினமும் வேண்டாம். முழு அளவுக்கு வந்த வாரத்தில் ஒரு நாள், காலை எண்ணெய்க்கு முன் ஒரு முறை, ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள். 0.3 முதல் 0.6 மில்லிமோல்வரை வந்தால் இந்த முறைக்கு அதுதான் எதிர்பார்க்கக்கூடியது. அசையவே இல்லையென்றால் எண்ணெய் போலியா, கூடவே இனிப்பு போகிறதா என்று தேடுங்கள். 3-ஐத் தொட்டால் உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். சிறுநீரில் நனைக்கும் பட்டை இதற்கு உதவாது. அது வேறு வகைக் கீட்டோனைத்தான் காட்டும்.

முழு அளவுக்கு வந்து மூன்று மாதம் ஆனதும் நோட்டைத் திறந்து முதல் இரண்டு வாரத்தோடு ஒப்பிடுங்கள். இந்த நோயில் அப்படியே நிற்பதே நல்ல சேதிதான் என்பதால் முடிவெடுப்பது சுலபமில்லை. அப்போது அளவைப் பாதியாக்கி இரண்டு வாரம், பிறகு முழுக்க நிறுத்தி இரண்டு வாரம் பாருங்கள். நோட்டு எழுதும் ஆளுக்கு மட்டும் நிறுத்தியது தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது, ஆசை கணக்கில் கலக்காது. எண்ணிக்கை சரிந்தால் பழைய அளவுக்குப் படிப்படியாகவே திரும்புங்கள், நிறுத்திய வயிறு மறுபடியும் புது வயிறுதான். ஒன்றும் மாறவில்லையென்றால் அத்தோடு விட்டுவிடலாம். மீந்த பாட்டிலை வீட்டில் மற்றவர்கள் இட்லிப் பொடிக்கு ஊற்றித் தீர்த்துக்கொள்ளட்டும். அவர்களும் ஒரு டீஸ்பூனோடு தொடங்குவது நல்லது.